நேர்க்கோட்டைத் தேடிப் போய் முக்கோணத்தில் மாட்டிக்கொண்டேன்: மரமும் நகர வெப்பமும்

மரம் அடர்ந்த இடம் குளிர்ச்சி, கட்டடம் அடர்ந்த இடம் சூடு. இதைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் எதற்கு, வெயிலில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தால் தெரிந்துவிடாதா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஓர் எண். பசுமை இவ்வளவு கூடினால் வெப்பம் இவ்வளவு குறையும் என்று சொல்கிற, சாய்ந்து இறங்கும் ஒரு நேர்க்கோடு. படத்தை இறக்கி, இரண்டு சூத்திரம் போட்டு, ஒரு வரைபடம் வரைந்தால் ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஆறு வார இறுதிகள் போயின. நான் தேடிய கோடு கிடைக்கவே இல்லை. கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன், வழியில் விழுந்த குழிகளையும் சேர்த்து. இதே வேலையை எடுப்பவர்களுக்குச் சூத்திரங்களைவிடக் குழிகள்தான் அதிகம் பயன்படும்.

முதல் வேலை படம். சென்டினல் 2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் மரத்தைக்கூடக் காட்டும், ஆனால் வெப்பத்தைப் பார்க்கும் கண் அதற்குக் கிடையாது. மோடிஸ் கருவி பகலும் இரவும் வெப்பத்தை அளக்கும், ஆனால் அதன் ஒரு பிக்சல் 1 கிலோமீட்டர். ஒரு குடியிருப்பு முழுக்க ஒரே புள்ளியாகிவிடும். மிச்சம் இருந்தது லேண்ட்சாட். 2013 பிப்ரவரியில் ஏவிய லேண்ட்சாட் 8, 2021 செப்டம்பரில் ஏவிய லேண்ட்சாட் 9, இரண்டும் இப்போது சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 8 நாளுக்கு ஒரு படம், அதுவும் இலவசமாக. முக்கியமான வசதி வேறு: சிவப்பு ஒளியைப் பார்க்கும் பேண்ட் 4, அண்மை அகச்சிவப்பைப் பார்க்கும் பேண்ட் 5, வெப்பத்தைப் பார்க்கும் பேண்ட் 10 மூன்றும் ஒரே கடவையில், அதாவது செயற்கைக்கோள் ஒருமுறை மேலே கடந்து போகும்போதே, ஒன்றாக வந்துவிடுகின்றன. பசுமையை ஒரு நாளிலும் வெப்பத்தை இன்னொரு நாளிலும் எடுத்து ஒட்டுப்போட வேண்டியதில்லை.

பசுமையை எண்ணாக்கும் வழி பழையது, எளியது. இலை சிவப்பு ஒளியைச் சாப்பிட்டுவிடும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி எறிந்துவிடும். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அப்படி ஒரு பாரபட்சம் கிடையாது. ஆகவே அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிவிஐ. அடர்ந்த இலைக்கு 0.7, 0.8 என்று வரும். தார், கூரை, காய்ந்த மண் எல்லாம் 0.2-க்குக் கீழே கிடக்கும். நீர் பெரும்பாலும் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

முதல் குழி இங்கேயே இருந்தது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில் சூத்திரத்தைப் போட்டேன், படம் வந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. பூங்காக்கள் பச்சை, சாலைகள் பழுப்பு. ஆனால் நகரிலேயே அடர்ந்த தோப்புக்கு 0.33 காட்டியது. சரி, கோடையில் இலை உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு மணி நேரம் மேலே போய்விட்டேன். அப்புறம்தான் ஒரு பிக்சலைச் சொடுக்கி உள்ளே இருப்பதைப் பார்த்தேன். சிவப்பு 9000, அகச்சிவப்பு 18000. பிரதிபலிப்பு என்றால் 0-வுக்கும் 1-க்கும் நடுவே அல்லவா இருக்க வேண்டும்?

நான் இறக்கியவை லெவல் 2, அதாவது காற்றுமண்டலத்தின் தாக்கத்தைக் கழித்துத் தரும் கோப்புகள். அவற்றில் எண்கள் இடத்தை மிச்சப்படுத்த முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு வரும். மேலும் கீழும் வகுக்கிற கணக்குதானே, பெருக்கல் எண் அடிபட்டுப் போய்விடும் என்று நினைத்து அந்தப் படியை நான் தாண்டியிருந்தேன். பெருக்கல் அடிபடும், கழித்தல் அடிபடாது. அந்தத் தோப்புப் பிக்சலையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு 0.0475, அகச்சிவப்பு 0.295. வித்தியாசம் 0.2475, கூட்டுத்தொகை 0.3425, வகுத்தால் 0.72. நான் வைத்திருந்ததோ 0.33. பாதிக்கும் கீழே. மோசம் என்னவென்றால், தவறான படமும் பார்வைக்குச் சரியாகவே இருந்ததுதான். பச்சை பச்சையாகவே தெரிந்தது, அளவு மட்டும் சுருங்கியிருந்தது. அந்த அளவை வைத்துக் கோடு போட்டிருந்தால் சாய்வு ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்திருக்கும், நானும் சந்தோஷமாக வெளியே சொல்லியிருப்பேன்.

வெப்பக் கோப்புக்கு வேறு எண்கள்: 0.00341802-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் கெல்வினில் வரும், 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். கோப்பில் 48000 என்று இருந்தால் அது 39.9 டிகிரி. 46000 என்றால் 33.1. இதில் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும், நகரம் கொதித்து ஆவியாகிவிட்டது போல எண் வரும். இப்படி உரக்கக் கத்துகிற தவறுகள் எனக்குப் பிடிக்கும். என்டிவிஐ தவறு மாதிரி கமுக்கமாக இருப்பவைதான் ஆபத்து.

அடுத்தது மேகம். நகரின் வடகிழக்கில் ஒரு தொழிற்பேட்டை. மரமே இல்லாத இடம், வெப்பமும் குறைவாக இருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று பத்து நிமிடம் மிதந்தேன். உண்மையான வண்ணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், புகை போல ஒரு மெல்லிய மேகத் துணுக்கும் அதற்குச் சற்றுத் தள்ளி அதன் நிழலும். மேகத்தின் மேல்பரப்பு குளிர்ந்தது, அதைத்தான் கருவி அளந்திருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் தரக் கோப்பு ஒன்று வரும். அதில் 21824 என்ற எண் இருக்கும் பிக்சல் தெளிவான நிலம், 21952 தெளிவான நீர். மற்றதையெல்லாம் தூக்கிப்போட்டேன். அதையும் தாண்டி மேகத்தின் விளிம்புகள் சில தப்பி வந்தன. அவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால் வெட்டினேன். வெப்ப அளவில் எவ்வளவு நிச்சயமின்மை என்று சொல்லும் தனிக் கோப்பும் உண்டு. மேகத்துக்குப் பக்கத்தில் அந்த எண் ஏறும் என்பதால் வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க உதவியது.

மூன்றாவது குழி எனக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டியது. எல்லாக் கோப்புகளும் 30 மீட்டர் பிக்சலில் வருகின்றன. ஆனால் லேண்ட்சாட்டின் வெப்பக் கண் உண்மையில் பார்ப்பது 100 மீட்டரில்தான். மற்றவற்றோடு பொருந்துவதற்காக அதை 30 மீட்டராக நறுக்கித் தருகிறார்கள். ஒரே ரொட்டியைப் பத்தாக நறுக்கிவிட்டுப் பத்து ரொட்டி என்று எண்ணுவது போலத்தான், 30 மீட்டர் பிக்சல்களை அப்படியே வரைபடத்தில் கொட்டுவது. லட்சக்கணக்கில் புள்ளி இருப்பது போலத் தோன்றும், தகவல் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 300 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கட்டம் போடப் போனால் இடைவெளி மிகப் பெரிது என்று கியூஜிஐஎஸ் மறுத்துவிட்டது. நகர எல்லைக் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது. நான் கேட்டது 300 மீட்டர், அது புரிந்துகொண்டது 300 டிகிரி. எல்லைக் கோப்பை மீட்டரில் அளக்கும் யுடிஎம் வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி, ஒருவர் சொல்வதையேதான் அடுத்தவரும் சொல்வார். அதனால் கணக்குக்கு மூன்று கட்டத்துக்கு ஒன்று என்று விட்டு விட்டு எடுத்தேன். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதில் வருத்தமில்லை.

இத்தனைக்கும் பிறகு, மூன்றாவது வார இறுதியில், முதல் சிதறல் வரைபடம். கிடைமட்டத்தில் என்டிவிஐ, செங்குத்தில் வெப்பம். புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று சொல்லும் தொடர்புக் கெழு −0.3-க்குப் பக்கத்தில் நின்றது. இறங்கும் கோட்டில் கச்சிதமாக நின்றால் அது −1, தொடர்பே இல்லாவிட்டால் 0. புள்ளிகள் கலைந்த தேன்கூடு மாதிரி கிடந்தன. இடது ஓரத்தில், என்டிவிஐ பூஜ்யத்துக்கும் கீழே, ஒரு கொத்து குளுகுளுவென்று கீழே உட்கார்ந்திருந்தது. அது ஏரி. நீருக்குப் பசுமை கிடையாது, ஆனால் பகலில் அது நகரத்திலேயே குளிர்ச்சியான பரப்பு. பசுமை குறைந்தால் சூடு என்ற கதையை அந்த ஒரு கொத்து தலைகீழாக இழுத்துக்கொண்டிருந்தது. நீர்க் கட்டங்களையும் பாதி நீர் உள்ள கரையோரக் கட்டங்களையும் நீக்கினேன். கெழு −1-ஐ நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

வரைபடத்தின் மேல் இடது மூலையில் இருந்த மிகச் சூடான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, நிலப்படத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். நகர மையமாக இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாமே நகரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த நிலங்கள். சுற்றுப்புறம் சிவந்து கிடக்க நடுவே நகரம் அதைவிடக் குளிராக இருந்தது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான நகரத்தை வெப்பத்தீவு என்பார்கள். அதைத் தேடிப் போனவனுக்குக் குளிர்த்தீவு.

உப்பையும் மிளகாயையும் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று எல்லாப் படிகளையும் திரும்பப் பார்த்தேன். தவறு இல்லை. வறண்ட பருவத்தில் பல நகரங்களில் பகல் நேரப் படம் இப்படித்தான் வரும். காய்ந்த மண்ணின் மேல்தோலுக்கு வெப்பத்தை உள்ளே அனுப்பும் திறன் குறைவு. காலை வெயில் பட்டதும் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சட்டென்று சூடேறிவிடும். கான்கிரீட் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும், கட்டடங்களின் நிழலும் சாலையில் விழுந்து கிடக்கும். லேண்ட்சாட் கடந்து போவதோ உள்ளூர்ச் சூரிய நேரம் காலை 10 மணியை ஒட்டி. மண் முந்திக்கொண்டு, கான்கிரீட் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும் நேரம்.

இந்த இடத்தில்தான் வரைபடத்தைக் கோடு போடுவதற்காகப் பார்ப்பதை விட்டுவிட்டு, சும்மா பார்த்தேன். புள்ளிகளுக்கு ஒரு வடிவம் இருந்தது. இடது பக்கம், அதாவது பசுமை குறைந்த பக்கம், வெப்பம் மேலிருந்து கீழ்வரை அகலமாகப் பரவிக் கிடந்தது. வலது பக்கம் போகப் போக அந்த அகலம் ஒடுங்கி, அடர்ந்த பசுமையில் ஒரு கூர்முனையாகச் சேர்ந்தது. முக்கோணம். அதன் மேல்விளிம்பு மட்டும் சாய்ந்து இறங்கியது, கீழ்விளிம்பு கிட்டத்தட்ட மட்டமாகவே போனது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த முக்கோணம் மிகப் பழைய சினேகிதம். மேல்விளிம்பை உலர் விளிம்பு என்றும் கீழ்விளிம்பை ஈர விளிம்பு என்றும் சொல்லி, மண்ணின் ஈரத்தைக் கணிக்க அதைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். நான்தான் முக்கோணத்தின் வயிற்றில் ஒரு கோட்டைக் குத்தி, ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முக்கோணம் சொல்வது இதுதான்: அடர்ந்த இலை இருந்தால் குளிர்ச்சி உறுதி. இலை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது பசுமை எண்ணுக்குத் தெரியாது. ஈரமான வெறும் மண்ணும் எலும்பாய்க் காய்ந்த மண்ணும் அதற்கு ஒன்றுதான்.

நடுப்பகுதியில் கதை இன்னும் சிக்கல். என்டிவிஐ 0.35 என்று காட்டிய இரண்டு கட்டங்களை எடுத்தேன். வெப்பத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி வித்தியாசம். எண்ணை நம்பினால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்து, செயற்கைக்கோள் கடக்கும் நாளில், கடக்கும் நேரத்தில், கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: படத்தோடு வரும் விவரக் கோப்பில் இருக்கும் கடவை நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். முதல்முறை அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக் குறித்து வைத்திருந்தேன், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உறைத்தது.

முதல் கட்டம் ஒரு விளையாட்டு மைதானம். புல் இருந்தது, ஆனால் பாதி காய்ந்து வைக்கோல் நிறத்தில். நடுவே கால் பட்டுத் தேய்ந்த மண் திட்டுகள். காய்ந்த புல்லின் மேல் 44, மண்ணில் 49, பச்சையாக மிஞ்சிய புல்லில் 37. இரண்டாவது கட்டம் பழைய குடியிருப்புத் தெருக்கள். இரண்டு பக்க மரங்களும் நடுவில் கைகோத்துக்கொண்டு நின்றன. மரங்களுக்கு இடையே மொட்டை மாடிகள் தெரிந்தன. எட்டிய கிளையில் இலைகளை அளந்தேன், 31, 32. நிழல் விழுந்த தார்ச்சாலை 30. நிழல் முடிந்த இடத்தில், அதே சாலையில், இரண்டடி தள்ளி, 46.

மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு கட்டம் முழுக்க மங்கலான பச்சை, இன்னொரு கட்டம் பாதி கரும்பச்சை, பாதி சிமென்ட். சராசரி போட்டால் இரண்டும் 0.35. மைதானத்துப் புல்லின் வேர் ஓரிரு சாண் ஆழம்கூடப் போகாது, மேல்மண் காய்ந்ததும் இலைத்துளைகளை மூடிக்கொண்டு படுத்துவிடும். தெரு மரத்துக்கு வேர் ஆழத்தில் இருக்கிறது, கோடையிலும் நீரை மேலே இறைத்துக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு லிட்டர் நீர் இலையிலிருந்து ஆவியாகப் போனால் கிட்டத்தட்ட 24.5 லட்சம் ஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோவாட் ஹீட்டரை 40 நிமிடம் ஓடவிட்டால் வரும் வெப்பம் அது. ஒரு பெரிய மரம் நல்ல வெயில் நாளில் 100 லிட்டரை வெளியே விட்டால், அந்த ஹீட்டரைக் கிட்டத்தட்ட 68 மணி நேரம் அணைத்து வைத்ததற்குச் சமம். பச்சை நிறம் அந்த மரத்தின் விசிட்டிங் கார்டு மட்டுமே. வேலையைச் செய்வது நீர்.

திரும்பும் வழியில் அந்தத் தொழிற்பேட்டைக்கும் போனேன். மேகத்தை வெட்டிய பிறகும் அங்கே சில கட்டங்கள் சந்தேகப்படும் அளவுக்குக் குளிராக இருந்தன. பளபளவென்று புதுத் தகடு வேய்ந்த ஒரு தாழ்வான கொட்டகை. அனுமதி கேட்டு ஏணியில் ஏறி, வெப்பமானியைக் கூரைக்கு நேரே பிடித்தேன். 26 என்றது. கையை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். சுட்டுவிட்டது.

ஒரு பரப்பு தன் வெப்பத்தை எவ்வளவு நேர்மையாக வெளியே சொல்கிறது என்பதற்குப் பெயர் உமிழ்திறன். இலைக்கும் நீருக்கும் அது 0.98-ஐத் தொடும். மலிவான வெப்பமானிகள் எல்லாப் பொருளுக்கும் 0.95 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பளபளக்கும் உலோகத்துக்கு உமிழ்திறன் மிகக் குறைவு. அது தன்னுடைய வெப்பத்தைக் காட்டுவதற்குப் பதிலாகக் கண்ணாடி போல மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தைக் காட்டும். இதற்கு ஒரு சுலபமான மருந்து உண்டு. மின்வேலைக்குப் பயன்படுத்தும் கறுப்பு டேப்பில் ஒரு விரல் அகலம் கிழித்துத் தகட்டில் ஒட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து அந்த டேப்பை அளந்தேன். 57. ஒரே தகடு, ஒரே நிமிடம், 31 டிகிரி வித்தியாசம். அளக்கும்போது கருவியை டேப்புக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். என்னுடையது 12-க்கு 1 வகை, 12 அங்குலம் தள்ளிப் பிடித்தால் 1 அங்குல வட்டத்தைப் பார்க்கும். எட்டப் பிடித்தால் டேப்போடு தகட்டையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும்.

செயற்கைக்கோளுக்கும் இதே தொல்லைதான். லேண்ட்சாட்டின் வெப்பக் கணக்கு உமிழ்திறனை ஆஸ்டர் என்ற இன்னொரு செயற்கைக்கோள் கருவியின் தரவுத்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகுப்பு 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களால் ஆனது. அதற்குப் பிறகு எழும்பிய தகட்டுக் கூரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, அங்கே இன்னும் பழைய மண்தரைதான் இருக்கிறது என்று நினைத்துக் கணக்குப் போடும். அந்தக் கட்டங்களைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. பெரிய தகட்டுக் கூரைகளைக் கண்ணால் பார்த்துக் குறித்து நீக்கினேன். நீக்கியதற்கான காரணத்தைப் பக்கத்திலேயே எழுதி வைத்தேன், இல்லாவிட்டால் பிடிக்காத புள்ளியை வெட்டிவிட்டதாக நானே பிற்பாடு என்னைச் சந்தேகிப்பேன்.

இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லூக் ஹோவர்ட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலும் அதன் புறப்பகுதியிலும் வெப்பமானி வைத்து ஆண்டுக்கணக்கில் குறித்தார். மேகங்களுக்கு குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்று பெயர் வைத்தவரும் அவர்தான், மேகத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தனி வேடிக்கை. அவருடைய கணக்கில் நகரம் இரவில் 3.7 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ், அதிகச் சூடு. பகலிலோ கொஞ்சம் குறைவு. நகர வெப்பம் என்பது முதலில் இரவுச் சங்கதி. அதிலும் அவர் அளந்தது காற்றை. நான் இத்தனை வாரம் பார்த்துக்கொண்டிருந்தது கூரையின் தோலையும் மரத்தின் உச்சந்தலையையும், அதுவும் காலை 10 மணிக்கு.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018-ல் பொருத்திய ஈகோஸ்ட்ரெஸ் கருவி வெவ்வேறு நேரங்களில் படம் எடுக்கும், ஒரு பிக்சல் சுமார் 70 மீட்டர். அதில் ஓர் இரவுப் படம் தேடிப் பிடித்தேன். எல்லாம் புரண்டிருந்தது. பகலில் சிவந்து கிடந்த தரிசு நிலம் எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருந்தது. பகலில் குளிர்ந்த ஏரி சூடான புள்ளியாக மின்னியது. நகர மையமும் தார்ச்சாலைகளும் பகலில் விழுங்கியதைக் கக்கிக்கொண்டிருந்தன. என் மைதானக் கட்டமும் மரத்தெருக் கட்டமும் இடம் மாறியிருந்தன, மைதானம்தான் இப்போது குளிர்ச்சி. திறந்த புல்வெளி வானத்தைப் பார்த்துத் தடையில்லாமல் வெப்பத்தைக் கொட்டிவிடும். மரத்தடியில் இருக்கும் சாலைக்கு மரமே கூரை, பகலில் வெயிலைத் தடுத்த அதே கூரை இரவில் வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும். மரம் வேண்டாம் என்பதற்கு இதை யாரும் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகல் வெயிலில் நடக்கிறவருக்கு 46-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தை என் கையால் அளந்திருக்கிறேன். எந்த நேரத்துப் படம் என்று சொல்லாமல் யாராவது நகர வெப்ப வரைபடம் காட்டினால் மட்டும் நான் இனிமேல் நேரத்தைக் கேட்பேன்.

ஆறாவது வாரம் நான் திட்டமிடாதது. முதல் படத்துக்கு 8 நாள் கழித்து அடுத்த லேண்ட்சாட் கடவை. அதற்கு இரண்டு நாள் முன்னால் நல்ல மழை பெய்து, கடவை நாளில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அந்தப் படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளின் வெப்பத்தை நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது, அன்றன்றைய காற்றும் வெயிலும் வேறு. ஒவ்வொரு கட்டமும் அன்றைய மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை மட்டும் எடுத்தேன்.

எட்டு நாளில் என்டிவிஐ பெரிதாக மாறவில்லை, மைதானக் கட்டம் 0.35-லிருந்து 0.36. ஆனால் வெப்பத்தில் அது சராசரிக்கு மேலே இருந்து சராசரிக்கே இறங்கியிருந்தது. மரத்தெரு இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்கு மழை வந்ததே தெரியாத மாதிரி. தரிசு நிலங்கள் முக்கோணத்தின் மேல் மூலையை விட்டுச் சரிந்து, கீழ்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டன. மேல் மூலையில் இப்போது மிஞ்சியவை நகர மையத்துக் கட்டங்கள். கூரையில் விழுந்த மழை அரை மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விட்டது, ஆவியாக அங்கே எதுவும் மிச்சமில்லை. எட்டு நாளுக்கு முன் குளிர்த்தீவாக இருந்த அதே நகரம் இப்போது பாடப்புத்தகத்தில் வரைவது போன்ற வெப்பத்தீவு.

இரண்டு படத்துக்கும் தனித்தனியாகக் கோடு போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். இரண்டு சாய்வு வந்தது, ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. இரண்டையும் ஏட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் கடவை நேரமும் மழை பெய்து எத்தனை நாள் என்பதும் குறித்து வைத்திருக்கிறேன். சராசரி போடவில்லை.